டெல்லி சாரிட்டி கடையில் பழைய தமிழ்ப் புத்தகங்கள்: உங்களுக்குப் பிடித்ததில் எதைத் தேடி எடுக்கச் சொல்வீர்கள்?

மாளவியா நகர் வாசகி:

வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. நன்கொடையாக வரும் புத்தகங்களை விற்று, அந்தப் பணத்தில் அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். எதை எடுத்தாலும் 50 ரூபாய், கெட்டி அட்டை என்றால் 100. இங்கிலீஷும் ஹிந்தியும் அலமாரியில் ஒழுங்காக அடுக்கியிருக்கும். நம் பக்கத்துப் புத்தகங்கள் மட்டும் ‘சவுத்’ என்று எழுதிய அட்டைப்பெட்டிகளில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் கலந்து கிடக்கும். அங்கே உட்காரும் யாருக்கும் எது எந்த எழுத்து என்று தெரியாது, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

போன மாதம் ஏதோ ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்கே போயிருக்கிறார்கள் போல, பெட்டி பெட்டியாகத் தமிழ்ப் புத்தகங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. எனக்குக் கல்கி தெரியும், சுஜாதா தெரியும், பாலகுமாரன் கொஞ்சம் படித்திருக்கிறேன். அதற்கு வெளியே ஒரு பெயரைப் பார்த்தால் எடுப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. ‘கட்டாயம் படிக்க வேண்டிய 100’ மாதிரிப் பட்டியல் எனக்கு வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கிறது. நீங்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் எதைக் கண்டதும் கை தானாகப் போகும், ஏன் போகும், அதைச் சொல்லுங்கள். மாமனாருக்கு வரலாறு, பயணம் பிடிக்கும். பையனுக்கு எட்டு வயது, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். வீட்டில் இடம் ஒரே ஒரு ராக்தான், அதனால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வர முடியாது.

செக்டர் 5 வாசகர்:

அம்மா, தில்லியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், அதனால் தில்லியிலிருந்தே தொடங்குகிறேன். கணையாழி என்கிற இலக்கியப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்று கிடைத்தாலும் விடாதீர்கள். 1965-ல் கி. கஸ்தூரிரங்கன் அதை இந்த ஊரில்தான் ஆரம்பித்தார், நியூயார்க் டைம்ஸுக்காக இங்கே இருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் அவர். கரோல்பாகிலும் ஆர்.கே. புரத்திலும் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த தமிழர்கள் வீடுகளில் அது வந்துகொண்டிருந்தது. வீட்டைக் காலி செய்யும்போது முதலில் வெளியே போவதும் அதுதான், ஒல்லியாக இருக்கும், பழைய பேப்பரோடு பேப்பராகப் போய்விடும். சுஜாதா அதில் எழுதிய கடைசிப் பக்கங்கள் தனிப் புத்தகமாகவே வந்துவிட்டன, சரி. ஆனால் இதழாகப் படிக்கும்போது அந்தக் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் யாருடைய கதை வந்தது, யார் புதிதாகக் கவிதை எழுத வந்தார்கள், யார் யாரைக் கடிந்துகொண்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்து கிடைக்கும். ஒரு காலமே உள்ளே இருக்கும்.

அடுத்தது ஆதவன். ‘காகித மலர்கள்’ இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் அதை எடுங்கள். தில்லித் தமிழ் அதிகாரி வீடு, அந்த வீட்டுப் பிள்ளைகள், ஒவ்வொருவரும் வெளியே காட்டும் முகம், உள்ளே வைத்திருக்கும் முகம், இதை அவரைப் போல யாரும் எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். அவரே இங்கே நேஷனல் புக் டிரஸ்டில் வேலை பார்த்தவர். 1987-ல் சிருங்கேரியில் துங்கா நதியில் மூழ்கி இறந்துபோனார், அந்த வருஷ சாகித்ய அகாதெமி விருது ‘முதலில் இரவு வரும்’ தொகுப்புக்காக அவர் இறந்த பிறகுதான் கிடைத்தது. நீங்கள் பஸ்ஸிலும் ஆபீசிலும் பார்க்கும் தில்லித் தமிழர்களை அவர் கதைகளில் அப்படியே பார்க்கலாம்.

இந்திரா பார்த்தசாரதி இங்கே பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ‘தந்திர பூமி’ தில்லி அதிகார வட்டாரம் பற்றியது. ‘குருதிப்புனல்’ 1968 கீழ்வெண்மணிப் படுகொலையை வைத்து எழுதியது, அதிலும் தில்லியிலிருந்து போகிற ஆள்தான் அந்த ஊரைப் பார்க்கிறான். க.நா.சு.வும் பல வருஷம் இங்கே இருந்தவர், அவர் மொழிபெயர்த்த ஸ்வீடன் நாவல் ‘மதகுரு’, நார்வே நாவல் ‘நிலவளம்’ இரண்டில் எது கண்ணில் பட்டாலும் எடுங்கள். ஸ்வீடனும் நார்வேயும் நம் வீட்டுத் திண்ணை அளவுக்குக் கிட்டே வந்துவிடும்.

வசந்த் குஞ்ச் புத்தகப்பூச்சி:

செக்டர் 5 சார் சொன்ன ஆசிரியர்கள் எல்லோரும் எனக்கும் பிடித்தவர்கள், ஆனால் இந்த இடத்தில் நான் வேறு மாதிரி யோசிப்பேன். ஆதவனும் இ.பா.வும் இன்றைக்குப் புதுப் பதிப்பாகவே கிடைக்கிறார்கள், ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வரும். சாரிட்டி பெட்டியில் தேட வேண்டியது, காசு கொடுத்தாலும் சுலபமாகக் கிடைக்காததை.

என் கை முதலில் போவது நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்ய அகாதெமி இரண்டும் போட்ட பழைய மொழிபெயர்ப்புகளுக்கு. அட்டை ஒன்றும் அழகாக இருக்காது, தாள் பழுப்பேறியிருக்கும், பெயரும் பல சமயம் ஈர்க்காது. அதனாலேயே பெட்டியின் அடியில் கிடக்கும். என்.பி.டி. புத்தகத்தில் ‘ஆதான் பிரதான்’ என்று போட்டிருந்தால் அது ஒரு இந்திய மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வரிசை. அதற்காகவே அமர்த்தித் தமிழ்ப்படுத்தியவர்கள் பலர் அந்தந்த மொழியை நேராகப் படித்தவர்கள், இங்கிலீஷ் வழியாக வந்தவர்கள் இல்லை.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’. வங்காளியில் அதீன் பந்த்யோபாத்யாய எழுதியது, தமிழில் சு. கிருஷ்ணமூர்த்தி. பிரிவினைக்கு முன்னால் கிழக்கு வங்காளத்தின் ஒரு கிராமம், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே நீரிலும் சேற்றிலும் வாழ்கிறார்கள், வெளியே நாடு பிளந்துகொண்டிருக்கிறது. சோனா என்கிற சிறுவனின் பெரியப்பா மணீந்திரநாத், மனம் பேதலித்த பெரிய உருவம், அவர் வயல்வெளியில் நடந்து போகும் இடங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அவசரமாகப் படித்தால் முதல் நூறு பக்கம் பிடிபடாது, பொறுமையாகப் போங்கள், அப்புறம் அது உங்களை விடாது.

‘ஆரோக்கிய நிகேதனம்’, தாராசங்கர் பந்த்யோபாத்யாய, தமிழில் த.நா. குமாரஸ்வாமி, இது அகாதெமி வெளியீடு. நாடி பிடித்துப் பார்த்தே ஒருவருக்கு மரணம் எப்போது என்று சொல்லிவிடும் கிராமத்து வைத்தியர் ஒருவர், அவருக்கு எதிரில் ஊசியும் மாத்திரையுமாக வந்து சேரும் இளம் டாக்டர். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். குர்ரதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’ உருதுவிலிருந்து வந்தது, புத்தர் காலத்துக்குப் பின்னால் தொடங்கிப் பிரிவினைக்கு அப்பால் வரை போகும். கன்னடத்திலிருந்து காரந்தின் ‘மண்ணும் மனிதரும்’, மராத்தியிலிருந்து ‘பன்கர்வாடி’, ஆடு மேய்க்கிறவர்கள் ஊருக்குப் போகிற ஒரு சின்ன வயது வாத்தியார் கதை, மெல்லிய புத்தகம்தான், ஒரு ஞாயிறு போதும்.

இவற்றில் சில அவ்வப்போது மறுபதிப்பு வந்திருக்கின்றன, வந்த வேகத்தில் தீர்ந்தும் போயிருக்கின்றன. அதனால் ‘இது இப்போது கிடைக்கிறதே’ என்று யோசித்து வைத்துவிட்டு வராதீர்கள்.

ஒரு யோசனை, என்.பி.டி. தலைமை அலுவலகம் எங்கள் பக்கம் வசந்த் குஞ்சில்தான், அகாதெமி மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில். இரண்டுக்கும் நெருக்கத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அந்த வெளியீடுகள் சென்னைப் பழைய புத்தகக் கடையைவிட டெல்லி வீடுகளிலிருந்து வருவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

செக்டர் 5 வாசகர்:

தம்பி, நீங்கள் சொல்வது சேகரிப்பவர்களுக்குச் சரி. இந்த அம்மா படிக்கக் கேட்கிறார். இதுவரை ஆதவனைத் தொடாத ஒருவருக்கு 50 ரூபாயில் ‘காகித மலர்கள்’ கையில் வந்தால், அது புதிதாகவும் கிடைக்கும் என்பதற்காக ஏன் கீழே வைக்க வேண்டும்? ஆன்லைனில் வாங்கலாம் என்று தள்ளிவைத்த புத்தகத்தை யாரும் வாங்குவதில்லை. ‘நீலகண்டப் பறவை’ விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

மாளவியா நகர் வாசகி:

இரண்டு பேருக்கும் நன்றி, இன்று மாலை போய்ப் பார்த்தேன். ‘ஆரோக்கிய நிகேதனம்’ இருந்தது! அட்டை போயிருக்கிறது, உள்ளே முழுசாக இருக்கிறது, எடுத்துவிட்டேன். கணையாழி எதுவும் இல்லை. ஆனால் சோவியத் புத்தகங்கள் ஒரு கட்டு இருக்கிறது, மாஸ்கோவில் அச்சடித்தவை, பெரிய எழுத்து, கெட்டி அட்டை. அதெல்லாம் பிரச்சாரம் என்று ஒரு நண்பர் சொன்னார். எடுக்கலாமா? அப்புறம் யாரோ பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்த தொகுதிகள் நிறைய. எலி கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா?

நொய்டா தோழர்:

தோழி, அந்தக் கட்டை யாரும் தூக்கிப் போவதற்கு முன்னால் போய் எடுங்கள். கட்சிப் பிரசுரங்களும் அதில் இருக்கும், அவற்றை வைத்துவிடலாம், ஆனால் இலக்கியம் என்று வந்தவை வேறு. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய் மாஸ்கோவிலேயே உட்காரவைத்து ரஷ்யனிலிருந்து தமிழாக்கம் செய்ய வைத்தார்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா என்கிற இரண்டு பெயர்களைப் பார்த்தால் யோசிக்காதீர்கள். 1991-ல் சோவியத் யூனியன் போனதோடு அந்த அச்சும் அந்த விலையும் போய்விட்டது. சிலவற்றைப் பின்னால் நியூ செஞ்சுரி பதிப்பகம் மறுபதிப்பு செய்தது, ஆனால் அந்தப் பழைய தாளும் தையலும் வேறு, பல பத்து வருடம் கழித்தும் ஒரு பக்கம் கழன்று வருவதில்லை.

தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’, தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது ‘அதிகாலையின் அமைதியில்’. 1942, காட்டுக்குள் ஒரு சின்ன ரயில்வே நிறுத்தம், விமான எதிர்ப்புப் பீரங்கியை இயக்க வந்த இளம் பெண்கள், அவர்களுக்கு மேலாளாக ஒரு கூச்ச சுபாவமுள்ள சார்ஜென்ட். ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். போரைப் புகழ்ந்து ஒரு வரி கூட அதில் எனக்குத் தென்படவில்லை. அய்த்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ கிடைத்தால் உங்கள் மாமனாருக்குக் கொடுங்கள், தானே அரைகுறையாகப் படித்த ஒருவன் குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து கிர்கீஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் கதை. உங்கள் கடையும் பிள்ளைகள் படிப்புக்காக நடப்பது, அதனால் நினைவு வந்தது.

அந்தத் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ‘அடடா, என் கண்ணே’ என்றெல்லாம் பேசுவார்கள். நாலு பக்கத்தில் பழகிவிடும்.

மயூர் விஹார் அம்மா:

பைண்டு செய்த தொடர்கதைகளுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்டால் அந்தப் பெட்டியிலேயே அதுதான் முதல்! புத்தகத்தை இன்னொரு பிரதி தேடிக்கொள்ளலாம், இது ஒரு வீட்டில் ஒருவர் வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்து வாங்கிவந்து, பேனாவால் முதுகில் பெயர் எழுதியது, இன்னொன்று கிடையாது. அதோடு படங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வந்தபோது மணியம் வரைந்தார். விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தபோது கோபுலு. நாம் வாங்கும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படமே இருக்காது. கோபுலுவின் ஒரு நாதஸ்வரக் கோஷ்டிப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதையைப் படித்தால் அந்த ஆட்களின் நடை, உட்காருகிற விதம் எல்லாம் மனதில் நின்றுவிடும். பக்கத்தின் பின்புறம் வந்த விளம்பரங்களைப் பாருங்கள், ரேடியோ, தலைவலித் தைலம், புடவைக் கடை, அந்தக் காலத்து வீடு முழுக்கத் தெரியும். எலி கடித்தது ஓரம்தானே, எழுத்து போகாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். தீபாவளி மலர்கள் இருந்தால் அதையும்.

பையனுக்கு: அம்புலிமாமா எந்த வருஷமாக இருந்தாலும் சரி. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்ரமாதித்தன் நடக்கும் அந்தப் படத்தைப் பார்த்தே என் பெண் எழுத்துக் கூட்டக் கற்றாள், ஏனென்றால் வேதாளம் என்ன கேள்வி கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாண்டுமாமா எழுதியது எதுவானாலும் வாங்குங்கள். என்.பி.டி.யின் நேரு பால் புஸ்தகாலய வரிசையில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, பக்கத்துக்கு நாலைந்து வரி, நல்ல ஓவியர்கள் வரைந்தது, இந்த வயதுக்கு அளவாக இருக்கும். முத்து காமிக்ஸ் பழையது கிடைத்தால் கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய வரிசை, சேகரிப்பவர்கள் அதற்கு நல்ல விலை கொடுப்பார்கள். 50 ரூபாய்க்கு நாம் எடுத்துவருவதைவிட அந்தப் பணம் பிள்ளைகள் கட்டணத்துக்குப் போகட்டும்.

வசந்த் குஞ்ச் புத்தகப்பூச்சி:

அக்கா சொன்ன கடைசி விஷயத்தை நானும் அழுத்திச் சொல்கிறேன். சாரிட்டி கடையில் பேரம் பேசக் கூடாது, அங்கே மலிவாக எடுத்து வெளியே விற்கவும் கூடாது. படித்து முடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டால் உங்கள் ஒரு ராக் பிரச்சினையும் தீரும்.

மாமனாருக்குச் சில பெயர்கள் விட்டுப்போயின. ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிப் படம் எடுக்க உலகம் சுற்றியவர், அவருடைய பயண நூல்கள் எதுவானாலும், அவர் நடத்திய ‘குமரி மலர்’ இதழ் ஒன்று கிடைத்தாலும் எடுங்கள், பழைய கட்டுரைகளைத் தேடித் தேடிப் போட்டிருப்பார். வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’, இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்த கதை. தி. ஜானகிராமனும் எழுத்தாளர் சிட்டியும் காவேரிக் கரையோடு போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துக்காரராக இருந்தால் அதைக் கீழே வைக்கவே மாட்டார்.

பெரியசாமித் தூரன் பதிப்பித்த ‘கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதி, ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் கிடந்தால் எடுக்கலாமா என்று தயங்காதீர்கள். ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து உட்கார்ந்தால் ஒரு மதியம் போய்விடும், விட்டுப்போன தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தரியாகஞ்ச் ஞாயிறு பழைய புத்தகச் சந்தை பற்றியும் யாராவது கேட்பார்கள். 2019-ல் அதை நடைபாதையிலிருந்து எடுத்து ஆசஃப் அலி ரோடு மகிளா ஹாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கிலீஷுக்கு அருமை. தமிழுக்கு உங்கள் ‘சவுத்’ பெட்டியே மேல்.

அச்சகத்து ஆள்:

புத்தகத்தின் உள்ளே இருப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், நான் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு பாரம். பைண்டிங்கில் ஒரு பாரம் விடுபட்டிருக்கும், அப்போது 96-க்கு அப்புறம் 113 வரும், இல்லை ஒரே பாரம் இரண்டு தடவை சேர்ந்திருக்கும். கையில் எடுத்ததும் பக்க எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு தடவை வேகமாகப் புரட்டுங்கள். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பூச்சி அரித்த புத்தகத்தை நேராக ராக்கில் வைக்காதீர்கள், மற்றதற்கும் பரவும். பிளாஸ்டிக் பையில் காற்று போகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்துப் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், உள்ளே இருக்கும் பூச்சி செத்துவிடும். வெயிலில் காயப்போட வேண்டாம், தாள் மொறுமொறுவென்று உடையும். செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கி எழுத்தையே தின்னும். கிழிந்த இடத்துக்கு மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும், பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது, ஆனால் அது விஷம், பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆகஸ்ட் மாதம் டெல்லி ஈரத்தில் சுவரை ஒட்டிப் புத்தகம் அடுக்கினால் பூசணம் பிடிக்கும், ராக்கை நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

பெட்டியைப் பிரித்துத் தமிழைத் தனியாக அடுக்கிக் கொடுக்க நான் வருகிறேன். கடையில் கேட்டுச் சொல்லுங்கள்.

மாளவியா நகர் வாசகி:

கடையில் கேட்டேன், மிகவும் சந்தோஷப்பட்டார்கள்! தமிழுக்குத் தனியாக ஒரு தட்டு ஒதுக்கித் தருகிறார்களாம், மேலே ஒட்ட ‘தமிழ்’ என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை 11 மணிக்கு. அச்சகத்து சார், நொய்டா தோழர், வசந்த் குஞ்ச், வர முடிந்தவர்கள் வாருங்கள். சோவியத் கட்டில் ‘முதல் ஆசிரியர்’ இருக்கிறது, மாமனார் இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டார். தெலுங்கு, மலையாளம் படிக்கத் தெரிந்த நண்பர்கள் யாருக்காவது இருந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள், அந்தப் பெட்டிகளும் அப்படியே கிடக்கின்றன.